யாரும் கீழே இறங்கக் கூடாது

முப்பத்தொரு நிமிடம். கையிலிருந்த ஸ்டாப் வாட்சைத் தட்டிப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன். அது பொய் சொல்லவில்லை. எங்கள் ருமெல்கோ குடாவுக்குள் சுனாமி வந்து சேரப் பதினைந்து நிமிடம் ஆகும் என்று துறைமுகத்துக்காரர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் அன்றைய பயிற்சியில் நானும், என் உதவியாளர்கள் ஓரியானாவும் மிரேயாவும், எங்கள் பாலர் பள்ளியின் பத்தொன்பது பிள்ளைகளும் செத்துப்போனோம் என்று அர்த்தம். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை செத்திருப்போம்.

பிள்ளைகள் மேல் குற்றம் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவர்கள் நன்றாகத்தான் புறப்பட்டார்கள். இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுவரை பதின்மூன்று பேர், நீளக் கயிற்றில் ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். நடக்கத் தெரியாத ஆறு பேர் சக்கரத் தொட்டிலில். ஓரியானா இழுக்க, மிரேயா தள்ள, தொட்டில் முன்னால் போனது. நான் கயிற்றின் கடைசி முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பள்ளிக்குப் பின்புறம் தொடங்கும் மேட்டுப்பாதையில் ஐந்தாவது நிமிடத்தில் முதல் வளைவைத் தொட்டுவிட்டோம். அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள் தாய்மார்கள்.

குடாவின் மறுகோடியில் நண்டுக் கொட்டகை இருக்கிறது. வேகவைத்த நண்டை உடைத்துச் சதையை எடுத்து டப்பாவில் அடைக்கிற வேலை. என் பிள்ளைகளின் தாய்மார்களில் பதினொரு பேர் அங்கேதான். பயிற்சி நாளைக்கு, பத்து மணிக்கு, யாரும் வரவேண்டாம் என்று முந்தின நாளே கதவு கதவாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். சைரன் ஊதியதும் பதினொரு பேரும் வெள்ளை ரப்பர் பூட்ஸும் வெள்ளை ஏப்ரனுமாகக் கரையோரச் சாலையில் ஓடிவந்தார்கள். முன்னால் தமாரிஸ். அவள் ஓடினால் மற்றவர்கள் ஓடுவார்கள், அவள் நின்றால் நிற்பார்கள். கொட்டகையில் அவளுக்கு அப்படி ஒரு மரியாதை.

வந்தவள் மூன்று வயது மகள் மைத்தேனைக் கயிற்றிலிருந்து பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் அவரவர் பிள்ளையை அள்ளிக்கொண்டார்கள். அம்மா வராத பிள்ளைகள் பாதை நடுவே உட்கார்ந்து ஊரைக் கூட்டின. எலியாசர் என்ற தடியன், இரண்டு வயது, மண்ணில் மல்லாந்து படுத்து உதைத்தான். தொட்டிலைச் சுற்றி நான்கு தாய்மார் நின்றதில் அது மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"இது பயிற்சிடி! பயிற்சி!" என்று கத்தினேன். "அந்தா பாருங்க, கடல் அங்கதான கெடக்கு? எழுந்து வந்து உங்க கையப் பிடிச்சு இழுத்துச்சா?"

"சைரன் ஊதினா என் காலு என் பேச்சக் கேக்காது அத்தை," என்றாள் தமாரிஸ். அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

எங்கள் நாட்டில் பாலர் பள்ளி ஆசிரியை எல்லோருக்கும் அத்தைதான். பிள்ளைகள் கூப்பிட ஆரம்பிக்கும், தாய்மார் பிடித்துக்கொள்வார்கள், கடைசியில் தாடி நரைத்த மீனவர்கூட "நெலி அத்தை, உடம்பு எப்படி?" என்று விசாரிப்பார். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இந்த அத்தை பட்டத்துக்கு மரியாதை இருக்கிறதே தவிர, ஒருத்தியும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

எனக்குக் கோபம் வந்தால் புத்தி பின்னால் நடந்துதான் வரும். அடுத்த பயிற்சியில் பள்ளி வாசலுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டேன். தமாரிஸ் வேலி ஏறிக் குதித்தாள். அவள் குதித்ததைப் பார்த்து மற்றவர்களும் ஏற, வேலி அப்படியே சாய்ந்துவிட்டது. முப்பத்து நான்கு நிமிடம், ஒரு வேலி நஷ்டம். மிரேயா சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள்.

"சிரி. நல்லா சிரி. அலை வரும்போதும் இப்படியே சிரிச்சுக்கிட்டு நில்லு."

"கோச்சுக்காதீங்க அத்தை. பெத்த மனம் பித்து. பித்துக்குப் பூட்டுப் போட முடியுமா?"

அவள் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

சனிக்கிழமை தாய்மார்களைக் கூட்டினேன். குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். பலகையில் குடாவைப் படம் போட்டேன்.

"இங்க பாருங்க. கொட்டகைக்குப் பின்னாடி மரப்படி இருக்கு. அதுல ஏறினா அஞ்சு நிமிஷத்துல மேட்டு மேல நிக்கலாம். நாங்க இந்தப் பக்கம் பாதையில ஏறினா, யாரும் குறுக்க வரலைன்னா, பன்னெண்டு நிமிஷம். ரெண்டும் தண்ணித் தொட்டிகிட்ட ஒரே இடத்துல போய்ச் சேருது. ஆனா நீங்க சாலை வழியா எங்கிட்ட ஓடி வர நாலு நிமிஷம். வந்தப்புறம் பாதை பன்னெண்டு. பதினாறு ஆச்சு. அலைக்கு எத்தனை?"

"பதினஞ்சு," என்றது பின்வரிசை.

"அப்ப பிள்ளையத் தூக்க வர்றவ எதுக்கு வர்றா? சேர்ந்து சாகவா?"

நான் தயாராக வைத்திருந்த தாளை நீட்டினேன். ஒரே வரிதான் எழுதியிருந்தேன்: சைரன் ஊதினால் பிள்ளையைத் தேடிக் கீழே வரமாட்டேன், நேராக மேட்டுக்கு ஏறுவேன். பத்துப் பேரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு தமாரிஸைப் பார்த்தார்கள். அவள் தாளைப் படித்துவிட்டுப் பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"என் பிள்ளைய இன்னொருத்தி கையில விட்டுட்டு நான் மேல போகணும். அதானே அத்தை?"

"ஆமா."

"ஒரு தடவை விட்டேன்," என்றாள். எழுந்து போய்விட்டாள். பேனாக்கள் எல்லாம் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன.

என் மடத்தனத்தை என்ன சொல்ல! ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கு மட்டும் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில் பூமி ஆடியபோது தமாரிஸுக்குப் பத்தொன்பது வயது, பெஞ்சமின் என்ற ஆறு மாதப் பிள்ளை. அவனுடைய ஞானத்தாய் ரொசால்பா அடுத்த வீடு. "நீ போர்வையும் பாலும் எடுத்துட்டு வா, பிள்ளை எங்கிட்ட இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டு போனாள். மேட்டுக்குப் போகாமல், தன் தகப்பனையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கரையோரச் சாலையில் ஓடினாள். அவளும் பிள்ளையும் திரும்பவில்லை. பாலையும் போர்வையையும் வைத்துக்கொண்டு தமாரிஸ் விடியும்வரை மேட்டில் நின்றாள்.

எங்கள் கரையில் குருவானவர் வர மாதக்கணக்காகும். அதனால் பிள்ளை பிறந்த சில நாளிலேயே வீட்டில் வைத்தே ஆபத்துத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது வழக்கம். தண்ணீர் ஊற்றும்போது தாய் பிள்ளையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். வாங்கி ஏந்துகிறவள்தான் ஞானத்தாய். அதற்குப் பிறகு அந்த இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று அழைத்துக்கொள்வார்கள். உடன்பிறந்தவளோடு சண்டை போடலாம், கொமாத்ரேயோடு போடக்கூடாது. அவளிடம் பொய் சொல்லக்கூடாது, அவளைச் சந்தேகப்படக்கூடாது. மைத்தேனுக்கு மூன்று வயது முடிந்தும் ஆபத்துத் தண்ணீர் ஊற்றவில்லை. ஊரார் முணுமுணுத்தார்கள். தமாரிஸ் யார் கையிலும் பிள்ளையைக் கொடுக்கத் தயாராக இல்லை.

அன்று வீட்டுக்குப் போய் டீ போட்டேன், குடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? போன தடவை அலை வந்தது சனிக்கிழமை இரவு, பள்ளி காலி. அடுத்தது செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வராது என்று கடல் எழுதிக் கொடுத்திருக்கிறதா? பத்தொன்பது பிள்ளைகள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். தமாரிஸ் அம்மியைவிடக் கனம், சரி, இன்னும் நாலு அடி கூட வைப்போம் என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை நண்டுக் கொட்டகைக்குப் போனேன். நீராவியும் நண்டு வாடையும் முகத்தில் அடித்தன. தமாரிஸ் கத்தியை நிறுத்தாமல் வேலை செய்துகொண்டே பேசினாள்.

"கையெழுத்துக்கு வந்திருந்தா திரும்பிப் போங்க அத்தை."

"கையெழுத்துக்கு வரல. உன்கிட்ட வேலை வாங்க வந்தேன்."

"எனக்கு வேலை இருக்கு. பாக்கத் தெரியலையா?"

"இது அஞ்சு பைசா கூலி இல்லாத வேலை. நீ எனக்குச் சைரன் அடிக்கணும்."

கத்தி நின்றது.

"ரொசால்பா கெட்டவ இல்ல தமாரிஸ். பிள்ளைய உசிரா நெனச்சவ. ஆனா அவளுக்குப் பாசம் இருந்துச்சு, பழக்கம் இல்ல. எங்க ஓடணும்னு அவ கால் பழகியிருக்கல. நான் பாசத்த வச்சு உங்கிட்ட பிள்ளையக் கேக்க மாட்டேன். பழக்கத்த வச்சுக் கேக்குறேன். நீயே சோதிச்சுப் பாரு. என்னைக்கு வேணா, எந்த நேரத்துல வேணா என் போனுக்கு ஒரு மிஸ்டு கால் குடு. அதான் சைரன். எங்கிட்ட முன்னாடி சொல்லாத. சாப்பாட்டு நேரத்துல குடு, மழையில குடு, தூக்கத்துல குடு. மரப்படியில பாதி ஏறினா ஒரு தட்டு இருக்குல்ல, அங்கிருந்து எங்க பாதை முழுசாத் தெரியும். அங்க நின்னு பாரு. ஒரே ஒரு நிபந்தனை, கீழ வரக்கூடாது."

"பாத்து?"

"பத்துத் தடவை பன்னெண்டு நிமிஷத்துக்குள்ள ஏறிக் காட்டுறேன். காட்டினா மைத்தேனுக்கு ஆபத்துத் தண்ணி ஊத்தணும். நான்தான் ஏந்துவேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க ரொம்ப ஆசப்படுறீங்க அத்தை."

"ஆசைதான். என்ன இப்ப?"

"பன்னெண்டுக்கு ஒரு செகண்டு தாண்டினாலும் கணக்குல வராது."

"வர வேண்டாம்."

முதல் மிஸ்டு கால் புதன்கிழமை வந்தது. பிள்ளைகள் வாயில் பூசணிக்காயும் பீன்ஸும் வெந்த குழம்பு. ஸ்பூனைப் பிடித்துக்கொண்டே பாதி பேர் கயிற்றுக்கு வந்தார்கள். பதினேழு நிமிடம். தூரத்தில் மரப்படித் தட்டில் வெள்ளை ஏப்ரன் கையை ஆட்டி இல்லை என்றது. அடுத்தது மழையில். தொட்டிலின் சின்னச் சக்கரம் சேற்றில் புதைந்து பத்தொன்பது நிமிடம். அன்று மாலையே படகு செய்கிற ஆசாரியிடம் போய்ச் சண்டை போட்டு, தள்ளுவண்டிச் சக்கரம் நான்கு வாங்கிப் பொருத்தினேன்.

மூன்றாவதுதான் என் மானத்தை வாங்கியது. மதியத் தூக்கம். பதின்மூன்று பேர், இருபத்தாறு ஷூ. இரட்டை முடிச்சுப் போட்ட லேஸ்கள். ஓரியானா அழாத குறை. ஷூ மாட்டுவதற்கே எட்டு நிமிடம் போய்விட்டது. மாட்டி முடித்தால் எலியாசர் வேறு பெண்ணின் ரோஸ் ஷூவில் நிற்கிறான்.

மறுநாள் முதல் மூன்று வாரம் வேறு பாடமே நடத்தவில்லை. லேஸ் வைத்த ஷூவெல்லாம் வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. ஒட்டுப்பட்டை வைத்ததுதான் பள்ளிக்கு வரவேண்டும். படு, எழு, ஷூ. படு, எழு, ஷூ. நான்கு வயசு தன்னுடையதை மாட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் இரண்டு வயசுக்கும் மாட்டிவிடவேண்டும். எலியாசரின் அம்மா சண்டைக்கு வந்தாள்.

"பக்கத்து ஊருப் பிள்ளைங்க கலர் பேரெல்லாம் சொல்லுதுங்க அத்தை. என் மகனுக்கு ஷூ மாட்டுறது தவிர ஒண்ணும் தெரியல."

"கலரு எங்கயும் ஓடிப்போகாது. மெதுவாச் சொல்லட்டும்."

இன்னொரு தொல்லை அழுகை. பாதையில் ஒன்று "அம்மா" என்று ஆரம்பித்தால் பதின்மூன்றும் ஆரம்பிக்கும். அழாதே என்று சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? அதனால் நானே கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தேன். "அம்மா எங்க?" என்பேன். "மேல!" என்று கத்தவேண்டும். "அப்ப நாம எங்க போறோம்?" "மேல!" கத்துகிற வாய்க்கு அழ நேரமில்லை. அது பொய்யாகவும் இருக்கக்கூடாது. அதனால் கொட்டகையிலிருந்து ஒவ்வொரு தடவையும் முறைவைத்து இரண்டு தாய்மார் மரப்படி வழியே மேட்டுக்கு ஏறி நிற்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். மேலே போனதும் ஆளுக்கொரு துண்டு ரொட்டியில் காய்ச்சி இறுக்கிய இனிப்புப் பாலைத் தடவிக் கொடுப்போம். எலியாசர் ரொட்டிக்காகவே ஏறினான்.

பதினான்கு நிமிடம் வந்தது. பதின்மூன்று வந்தது. ஒரு நாள் பன்னிரண்டு நிமிடம் இருபது செகண்டில் ஏறிவிட்டு நானும் மிரேயாவும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். போன் அடித்தது.

"இருபது செகண்டு கூட அத்தை," என்றாள் தமாரிஸ்.

"அடிப்பாவி, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"கடலுக்கு இருக்கா?"

போனை வைத்துவிட்டு மிரேயாவைத் திட்டினேன். அவள்தான் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு மூச்சு வாங்குவதால்தான் இருபது செகண்டு போனது என்றேன். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வருமுன் தினமும் ஒரு தடவை காலித் தொட்டிலை மேடுவரை தள்ளிவிட்டு வந்தாள். எனக்குத்தான் மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன்.

பதினொன்றரை நிமிடம். அதுதான் முதல் கணக்கு. ஏப்ரல் கடைசியில் பத்து ஆனது. நடுவே எத்தனை கணக்கில் சேராமல் போனது என்று கேட்காதீர்கள். பத்தாவது கணக்கு முடிந்த அன்று, சரியென்று சொல்லப் போன் வரவில்லை. வேலை முடிந்து, கை கழுவாமல், தமாரிஸே பள்ளிக்கு வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கெழம சும்மா இருக்கீங்களா அத்தை?" என்றாள்.

அவள் வீட்டில் பெரியவர் அபெலினோ செபம் சொல்லித் தண்ணீர் ஊற்றினார். மூன்று வயதுப் பிள்ளையை ஏந்துவது லேசில்லை. மைத்தேன் நல்ல கனம், அதோடு கூச்சத்தில் நெளிந்தாள். என் கைகளுக்குக் கீழே தமாரிஸின் கைகளும் இருந்தன. வழக்கப்படி அவள் எடுத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். பெரியவர் செம்போடு காத்திருந்தார். செபத்தை இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது அந்தக் கைகள் விலகின. பிள்ளையின் முழுக் கனமும் என் மேல் இறங்கியபோது எனக்குப் பயமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

அங்கேயே மேசைமேல் அந்தப் பழைய தாளை வைத்தேன். தமாரிஸ் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் மற்ற பத்துப் பேரும் போட்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் கொமாத்ரே. அவளைத் திட்ட முடியாமல் போனது எனக்குப் பெரிய கஷ்டம்.

மே மாதம் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்று இருபது. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஜன்னல் கண்ணாடி சலசலத்தது. அடுத்து தரை என்னைத் தூக்கிப் போட்டது. நிற்க முடியவில்லை, தவழ்ந்தேன். அலமாரியெல்லாம் சுவரோடு ஆணி அடித்து இறுக்கியிருந்ததால் எதுவும் பிள்ளைகள் மேல் விழவில்லை. ஓரியானா தொட்டிலுக்கு மேல் உடம்பைக் குறுக்கே போட்டுக் கிடந்தாள். நிற்க முடியாத அளவு ஆடினால் சைரனுக்குக் காத்திருக்கக் கூடாது என்பது விதி. ஆட்டம் நின்றதும் ஸ்டாப் வாட்சை அமுக்கினேன்.

"ஷூ!" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

பதின்மூன்று பேரும் எழுந்து உட்கார்ந்து ஷூ மாட்டினார்கள். ஒருவரும் அழவில்லை. எலியாசருக்கு இடது வலது மாறியிருந்தது, போகட்டும் என்று விட்டேன். ஒன்றரை நிமிடத்தில் பின்வாசலைத் தாண்டிவிட்டோம்.

"அம்மா எங்க?"

"மேல!"

இரண்டாவது வளைவில் பைன் மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே கிடந்தது. பிள்ளைகள் அடியில் புகுந்து போய்விடலாம், தொட்டில் போகாது. ஓரியானா அந்தப்பக்கம் குதித்தாள். மிரேயா ஆறு குழந்தைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி நீட்டிவிட்டு, கடைசியில் காலித் தொட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப்பக்கம் போட்டாள். அத்தனை பலம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியாது. அதற்கே ஒன்றரை நிமிடம் போய்விட்டது. அப்போதுதான் சைரன் ஊதியது.

மரத்துக்கு அடியில் புகுந்து வெளியே வந்த மைத்தேன் கல்லில் விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம். உட்கார்ந்துகொண்டு "அம்மா!" என்று அலறினாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே மரப்படித் தட்டில் வெள்ளை ஏப்ரன்கள். முன்னால் தமாரிஸ். காற்று அந்தப்பக்கம் வீசியது. மகள் கத்துவது அவளுக்குக் கேட்டிருக்கும், விழுந்தது தெரிந்திருக்கும்.

அவள் ஒரு படி கீழே இறங்கினாள்.

அவள் வந்தால் பத்துப் பேரும் வருவார்கள். பதினொரு பேரும் சாலையில் இருக்கும்போது கடல் வரும். இங்கே பதினொரு பிள்ளைகள் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கத்தினால் சைரன் சத்தத்தில் வார்த்தை புரியாது. கையை ஆட்டினால் வா என்று நினைத்துவிடுவாளோ என்று பயம். என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று, பழகியதைச் செய்வது.

"மைத்தேன், எந்திரி. முடிச்சப் பிடி. அம்மா எங்க?"

மூக்கை உறிஞ்சினாள். என்னைப் பார்த்தாள். எழுந்து முடிச்சைப் பிடித்தாள்.

"மேல," என்றாள்.

கயிறு நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது தமாரிஸ் கைப்பிடிக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேலே ஏறினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள். பெற்றவள் அப்படித் திரும்ப என்ன வேதனைப்பட்டிருப்பாள்! ஆனால் அழுவதற்கு அது நேரமில்லை. "எங்க போறோம்?" என்று கத்தினேன். "மேல!" என்றார்கள்.

தண்ணீர்த் தொட்டியை அடைந்தபோது பதின்மூன்று நிமிடம் நாற்பது செகண்டு. தாய்மார்கள் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். யாரும் பாய்ந்து வந்து கயிற்றைக் கலைக்கவில்லை. தமாரிஸ் மட்டும் மைத்தேனுக்கு எதிரே முழங்காலிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். "வாடி தங்கம்," என்றாள்.

மைத்தேன் முடிச்சை விடவில்லை.

"இரும்மா. அத்தை எண்ணணும்," என்றாள்.

தமாரிஸ் என்னைப் பார்த்தாள். நீட்டிய கைகள் அப்படியே காற்றில் நின்றன. கீழே பெரிய இரைச்சல் கேட்டது. தகரம் கிழிகிற சத்தம், அடுத்து மரம் முறிகிற சத்தம். நண்டுக் கொட்டகை போகிறது என்று புரிந்தது. கரையோரச் சாலை ஏற்கெனவே தண்ணீருக்கு அடியில் போயிருக்கும். ஒரு தாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தன.

தொட்டிலிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு தலையாகத் தொட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதை இரண்டு தடவை தொட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். தொட்டிலில் ஆறு. கயிற்றில் ஏழு, எட்டு, ஒன்பது. மைத்தேன் பதினாலு. அவள் தலையைத் தொட்டபோது தமாரிஸின் மூச்சு என் கையில் பட்டது. பதினேழு. பதினெட்டு. எலியாசர் பத்தொன்பது.

"பத்தொன்பது," என்றேன். இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன், "பத்தொன்பது!"

"இப்ப விடலாமா அத்தை?" என்று கேட்டாள் மைத்தேன்.

"விடலாம்டி கண்ணு."

அவள் முடிச்சை விட்டுவிட்டு அம்மாவின் கைகளுக்குள் போய் விழுந்தாள்.